மாடல் ரயிலின் பவர் சப்ளையும் கன்ட்ரோல் பலகையும்: கடலோர வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி எனக் கடலை ஒட்டிய ஊர்களில் வீட்டுக்குள் மாடல் ரயில் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரயில் செட்டோடு வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர் நாட்டு வீடுகளை நினைத்து எழுதியவை. வருடம் முழுக்க உப்புக் காற்று புகும் வீட்டுக்கு அவை பாதி வழிதான் காட்டும். தண்டவாளம் போடுவதையும் மலை, மரம் அமைப்பதையும் இங்கே தொடவில்லை. பவர் சப்ளை, பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும் கருவி), ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), ஸ்விட்ச், வயர் இவற்றை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பது மட்டும்தான் பேச்சு. அளவுகள் எச்ஓ ஸ்கேலுக்கானவை (1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.).

எல்லாவற்றையும் மேசைக்கு அடியில் அங்கங்கே ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டால் போதாதா?

போதாது. நம் ஊரில் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் அதுதான். மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாம் ஒரே பலகையில் இருக்க வேண்டும். அந்தப் பலகையை ஒரு ஆள், உதவி இல்லாமல், கழற்றி வெளியே எடுக்க முடிய வேண்டும். கீழே நான் சொல்லும் மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வருபவை.

காரணம் எளிது. கடலை விட்டுத் தள்ளி இருப்பவர் ஒரு ரிலேயை மாட்டினால் பல வருடம் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். கடலோரத்தில் அப்படி முடியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு முனையையும் இறுக்கி, துடைத்து, பார்த்தாக வேண்டும். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. செய்தாலும், தலைக்கு மேல் சால்டரிங் பிடித்தால் உருகிய ஈயம் முகத்தில் சொட்டும். பலகையை எடுத்து வெளிச்சத்தில், உட்கார்ந்த இடத்தில் வேலை பார்ப்பதுதான் பாதுகாப்பு.

60 × 45 செ.மீ. அளவில் 12 மி.மீ. பிளைவுட் சராசரி வீட்டு லேஅவுட்டுக்கு, அதாவது ரயில் பாதை முழுவதும் அமைந்த மேசைக்கு, போதும். கடையில் ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை கேளுங்கள். சாதாரண கமர்ஷியல் பிளை நம் ஈரத்தில் ஓரம் பிரிந்துவிடும். வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை. பலகையை லேஅவுட்டின் முன்பக்கச் சட்டத்துக்குப் பின்னால் நெட்டுக்குத்தாகத் தொங்கவிடுங்கள். கீழே கீல், மேலே இரண்டு கொக்கி. கொக்கியை விட்டால் பலகை உங்கள் பக்கம் சாய்ந்து வரும், கீலின் ஊசியை உருவினால் மொத்தமாகக் கையோடு வந்துவிடும்.

பலகையில் எது எந்தப் பக்கம்?

230 வோல்ட் ஒரு ஓரம், தாழ்ந்த வோல்ட் மறு ஓரம். இரண்டும் எங்கேயும் குறுக்கிடக் கூடாது. நான் சொல்லும் ஒழுங்கு இது: இடது ஓரத்தில் மூடிய பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் மூன்று பின் பிளக்கிலிருந்து வரும் வயர், ஸ்விட்ச், ஃபியூஸ், எர்த் முனை. அதை ஒட்டி எஸ்எம்பிஎஸ், அதாவது 230 வோல்ட்டைத் தாழ்ந்த வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்குரூ முனைகள் திறந்தே இருக்கும் வகைதான் கடைகளில் அதிகம், அவற்றுக்கு மூடி போடாமல் பயன்படுத்தாதீர்கள். நடுவில் பூஸ்டர் அல்லது கன்ட்ரோலர். வலப் பக்கம் ரிலே போர்டுகள், பாயின்ட் (பாதை பிரியும் இடம்) மோட்டார்களை இயக்கும் டிரைவர்கள். கீழ் ஓரம் முழுக்கக் கனெக்டர் ஸ்ட்ரிப்.

சூடாகும் சாமானை மேலே வையுங்கள், சூடு தாங்காததைக் கீழே. பூஸ்டரின் அலுமினிய விலாக்கள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும், அப்போதுதான் காற்று தானாக ஏறும். சுற்றிலும் ஐந்து செ.மீ. இடம் விடுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் எதையும் அடுக்க வேண்டாம்.

பலகையிலிருந்து லேஅவுட்டுக்குப் போகும் வயர்கள் நேரடியாகப் போகாமல் பிளக் வழியாகப் போகட்டும். டிரோன்காரர்கள் பயன்படுத்தும் எக்ஸ்டி60 கனெக்டர் பஸ் வயருக்கு, அதாவது லேஅவுட் நெடுக ஓடும் இரட்டை வயருக்கு, அருமையாகப் பொருந்தும். தங்க முலாம் பூசியது என்பதால் உப்புக்கு எளிதில் மசியாது, மாற்றிச் செருகவும் முடியாது. வயர்களில் ஒரு முழம் தளர்வு விடுங்கள். இழுத்துக் கட்டின வயர் பலகை சாயும்போது சால்டரைப் பிய்த்துவிடும்.

சுவர் பிளக்கும் அதன் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் ரயிலுக்கு முன்னால் அதைப் போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

உப்புக் காற்று அப்படி என்னதான் செய்யும்?

காற்றோடு வரும் உப்புத் துகள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசியாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். அப்புறம் அது தூசி இல்லை, மின்சாரம் கடத்தும் ஈரப் படலம். நம் கரையில் இரவு நேரத்தில் அந்த அளவு ஈரம் சாதாரணம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு இடையே மின்சாரம் கசியும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், ரிலே காலில் வெள்ளைப் பொடி பூக்கும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் பழைய வயர் ஒன்றின் முனையை இரண்டு செ.மீ. சீவிப் பாருங்கள். வெளியே தெரியும் இழைகள் பச்சை. அதற்கு உள்ளே, உறைக்கு அடியில் இருந்த இழைகள் கறுப்பு. ஈரம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து உள்ளே போயிருக்கிறது. கறுத்த இழையில் சால்டர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளப்பான செம்பு தெரியும் இடத்தில் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி.

ஆகவே வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். விசைப்படகுகளுக்கு வயரிங் செய்கிறவர்களிடம் விசாரித்தால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். இல்லாவிட்டால் சாதாரண வயரே போதும், ஆனால் சீவிய முனையை அப்படியே ஸ்குரூவுக்கு அடியில் திணிக்காதீர்கள். ஃபெரூலோ லக்கோ (வயர் முனைக்கு மாட்டும் உலோகத் துண்டுகள்) போட்டு நசுக்கி, வாய்ப் பக்கம் ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும்) குழாய் மாட்டுங்கள். இறுக்கி முடித்த முனையின் மேல் ஒரு பூச்சு வாசலின் தடவினால் காற்று படாது. சால்டரிங்குக்கு ரோசின் ஃபிளக்ஸ் மட்டும். தகர வேலைக்குப் பயன்படும் ஆசிட் ஃபிளக்ஸ் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் மிச்சம் இருப்பது ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்னும்.

சூட்டைக் குறைக்க ஃபேன் வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஃபேன் சூட்டை வெளியே தள்ளுகிற அதே நேரத்தில் உப்பை உள்ளே இழுக்கிறது. அதற்குப் பதில் தேவைக்கு மேல் பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். உங்களுக்கு 3 ஆம்பியர் வேண்டுமானால் 6 ஆம்பியர் வகை. பாதிச் சுமையில் ஓடினால் அது அதிகம் சூடேறாது, ஃபேன் இல்லாமலே சமாளிக்கும்.

பலகைக்கு முன்னால் மெல்லிய பருத்தித் துணித் திரை போட்டால் தூசி குறையும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே பலகையை வைக்கவே கூடாது. வாடைக் காற்றும் கச்சானும் எந்த ஜன்னல் வழியாக வருகின்றன என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டுக்கும் மறைவான சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

எவ்வளவு தடிமன் வயர்?

பஸ் வயருக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) குறைந்தபட்சம். லேஅவுட் பெரிதானால் 2.5 ஸ்கொயர். அதிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் ஃபீடர்களுக்கு 0.5 ஸ்கொயர் போதும், ஆனால் அவை ஒரு முழத்துக்கு மேல் நீளக் கூடாது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி ஃபீடர் கொடுங்கள். துண்டுகளை இணைக்கும் ஜாயினர் தகட்டை மின்சாரத்துக்கு நம்புவது நம் ஊரில் நடக்காது, அந்த இடுக்கில்தான் களிம்பு முதலில் ஏறும்.

ஏன் தடிமன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 1.5 ஸ்கொயர் வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லி ஓம். ஆறு மீட்டர் தள்ளி இருக்கும் முனைக்குப் போய் வர 12 மீட்டர், ஆக 0.16 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட் போகிறது, பரவாயில்லை. அதே தூரத்துக்கு 0.5 ஸ்கொயர் போட்டால் 1.4 வோல்ட் போய்விடும். இன்ஜின் அந்த மூலையில் மட்டும் சுணங்குவது இதனால்தான்.

வயர் நிறத்தில் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் தண்டவாளத்துக்குச் சிவப்பும் கறுப்பும் சொல்லும். நம் வீடுகளில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நாளைக்கு வேறொருவர் பலகையைத் திறந்தால் குழம்பக் கூடாது. தண்டவாளத்துக்கு ஊதாவும் வெள்ளையும், பாயின்ட்களுக்கு ஆரஞ்சு, விளக்குகளுக்குச் சாம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். எதை வைத்தாலும் பலகையின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். மார்க்கர் மை ஈரத்தில் மங்கும், பென்சில் நிற்கும்.

டிசி போதுமா, டிசிசி வேண்டுமா?

ஒரு வட்டப்பாதை, ஒரு இன்ஜின் என்றால் 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் தாராளம். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட ஆசை வந்தால் டிசிசிக்குப் போங்கள், அதில் தண்டவாளம் வழியாகவே வரும் டிஜிட்டல் கட்டளையை இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் புரிந்துகொண்டு ஓட்டும். டிசியில் அதைச் செய்யத் தண்டவாளத்தைப் பல பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நடு-ஆஃப் வைத்த இருதுருவ டாகிள் ஸ்விட்ச் போட வேண்டும். ஸ்விட்சும் முனையும் கூடக் கூட உப்பு வேலை செய்ய இடமும் கூடும். கடலோரத்துக்கு டிசிசி நல்லது என்று நான் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். டிசி, டிசிசி இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் இணைக்கவே கூடாது, பூஸ்டரோ டிகோடரோ போய்விடும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். எடுத்ததும் மறுபடி ஓட வேண்டும். இதை லேஅவுட்டின் எல்லா மூலைகளிலும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கு அப்பாலும் செய்யுங்கள். எங்காவது டிரிப் ஆகாமல் நாணயம் சூடானால் அங்கே வயர் மெல்லிசு அல்லது முனை கெட்டிருக்கிறது. தடம் புரண்ட இன்ஜின் அங்கே விழுந்தால் பிளாஸ்டிக் உருகும் அளவுக்குச் சூடு பிடிக்கும்.

லேஅவுட்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பஸ் வயரிலும் தொடராக 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றைப் போடுவது நல்ல ஏற்பாடு. பைக் ஸ்பேர்ஸ் கடைகளில் எங்கும் கிடைக்கும். சாதாரணமாக அது எரியாது. அந்தப் பகுதியில் ஷார்ட் ஆனால் மட்டும் பளீரென்று எரியும், மின்னோட்டத்தை ஏறக்குறைய 2 ஆம்பியரில் பிடித்து நிறுத்தும். மற்ற பகுதிகளில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். பல்பு போட்ட பகுதியில் நாணயம் வைத்தால் பூஸ்டர் டிரிப் ஆவதற்குப் பதில் பல்பு எரிய வேண்டும். பல்பு கடுமையாகச் சூடாகும், மரத்திலும் வயரிலும் படாமல் உலோகக் கிளிப்பில் நிறுத்துங்கள்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. என்ன செய்ய?

டிசி கன்ட்ரோலரின் குமிழ் திருப்பியபடியே இருந்தால், கரண்ட் திரும்பியதும் யாரும் இல்லாத அறையில் ரயில் பாய்ந்து கிளம்பும். இதைத் தடுக்கத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் போல ஒன்று செய்யலாம். ஒரு 12 வோல்ட் ரிலே. அதன் காயிலுக்குப் போகும் மின்சாரம் அதே ரிலேயின் ஒரு காண்டாக்ட் வழியாகவும், லேஅவுட்டுக்குப் போகும் மின்சாரம் இன்னொரு காண்டாக்ட் வழியாகவும் போகட்டும். காயிலின் காண்டாக்ட்டுக்கு இணையாகப் பச்சைப் பொத்தான், தொடராகச் சிவப்புப் பொத்தான். பச்சையைத் தட்டினால் ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்ப நீங்கள் பச்சையைத் தட்டும் வரை லேஅவுட்டுக்கு எதுவும் போகாது. பாகங்களின் விலை மிகக் குறைவு, எல்லாரும் போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் வகையில் பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் கன்ட்ரோலர்கள் இரைந்து சூடாகும். இடி மின்னல் என்றால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

ரயிலை ஓட்டுகிறவர் கை வைக்கும் தனி ஸ்விட்ச் பலகை எந்த உயரத்தில்?

நின்று ஓட்டுகிறவருக்கு முழங்கை உயரம். பிள்ளைகளும் ஓட்டுவார்கள் என்றால் கொஞ்சம் தாழ்த்தி, மேலே சற்றுச் சாய்வாக. 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டின் பின்பக்கம் பாதையின் படத்தை அச்சிட்டு ஒட்டி, ஒவ்வொரு பாயின்ட் இருக்கும் இடத்திலேயே அதன் ஸ்விட்சைப் பொருத்துங்கள். ஸ்விட்ச் படத்தில் எந்தப் பாதையின் பக்கம் சாய்ந்தாலும் ரயிலும் அந்தப் பக்கம் போக வேண்டும். முன்பக்கத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்காமல் உள்வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் நடமாட்டத்தில் இடுப்பு இடித்தே பாயின்ட் மாறிவிடும்.

பாம்பன் பாலம் மாடல் செய்கிறேன். தூக்குப் பகுதிக்கு எப்படி வயரிங் செய்வது?

இந்தக் கேள்வி நம் கரையில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எதைச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய பாலத்தில் ஷெர்சர் வகை இரட்டைக் கதவு இருந்தது, இரண்டு பக்கமும் உருண்டு மேலெழும். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே பகுதி, மட்டம் மாறாமல் 17 மீட்டர் வரை மேலே போகும். முழுப் பாலம் இரண்டு கி.மீ.க்கு மேல், எச்ஓவில் அப்படியே செய்தால் 23 மீட்டரைத் தாண்டும். அதனால் தூண்களைக் குறைத்துக்கொண்டு தூக்குப் பகுதியை மட்டும் அளவு குறையாமல் செய்யலாம். எச்ஓவில் அது 83 செ.மீ. நீளம், 19.5 செ.மீ. உயர்வு. 'என்' ஸ்கேலில் (1:160) 45 செ.மீ. நீளம், 10.6 செ.மீ. உயர்வு. வயரிங்குக்குப் புதிய பாலம் எளிது.

தூக்கும் மோட்டார் வார்ம் கியர் வைத்த 12 வோல்ட் மோட்டாராக இருக்கட்டும். மின்சாரம் போனாலும் பாலம் நின்ற இடத்தில் நிற்கும். கோபுரங்களுக்குள் எதிர் எடை தொங்கவிட்டால் மோட்டாருக்குச் சுமை குறையும், நிஜப் பாலத்திலும் எதிர் எடை இருக்கிறது. மேலே ஒரு லிமிட் ஸ்விட்ச் (பாலம் முட்டினால் மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச்), கீழே ஒன்று. இரண்டும் மோட்டாருக்குத் தொடராக, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு 1என்4007 டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்). மேலே முட்டியதும் மோட்டார் நிற்கும், ஆனால் டயோடு எதிர்த் திசைக்கு வழி விடுவதால் இறங்க முடியும். டயோடைத் திருப்பி மாட்டினால் முட்டிய பின்னும் நிற்காமல் கயிற்றை அறுத்துவிடும், அதனால் முதல் சோதனையைக் கயிறு கட்டாமல் செய்யுங்கள்.

முக்கியமானது இனிமேல்தான். பாலம் முழுக்க அமராதவரை இரு கரையிலும் ரயில் நெருங்கக் கூடாது. பாலத்தின் இரண்டு முனையிலும் தனித்தனி மைக்ரோ ஸ்விட்ச் வையுங்கள், இரண்டையும் தொடராக இணைத்து ஒரு ரிலேயை இயக்குங்கள். இரண்டு முனையும் அமர்ந்தால்தான் ரிலே இழுக்கும், ரிலே இழுத்தால்தான் இரு பக்கத்து அணுகு பாதைக்கும் பாலத்துக்கும் மின்சாரம். ஒரு முனை மட்டும் அரை மி.மீ. தூக்கி நின்றாலும் பாதை செத்திருக்கும். அணுகு பாதை ஒவ்வொன்றும் குறைந்தது 60 செ.மீ. இருக்கட்டும். மின்சாரம் போனபின்னும் சில இன்ஜின்கள் ஃபிளைவீல் வேகத்தில் நகரும். டிகோடரோடு கெபாசிட்டர் வைத்தவை இன்னும் தூரம் ஓடும், அவற்றுக்கு 60 போதாது, உங்கள் இன்ஜினை ஓடவிட்டு அளந்து நீளத்தை முடிவு செய்யுங்கள்.

தூக்குப் பகுதிக்குப் போகும் வயர் சிலிக்கோன் உறை போட்ட மெல்லிய இழை வயராக இருக்க வேண்டும். கோபுரத்தின் பாதி உயரத்தில் ஒரு முனையைக் கட்டி நடுவில் தொங்கவிட்டால், ஏறும்போதும் இறங்கும்போதும் வளைவு ஒரே அளவில் இருக்கும்.

பல்லி, எறும்பு?

சூடான எஸ்எம்பிஎஸ்ஸைப் பல்லி தேடி வரும், உள்ளே போனால் அதுவும் சாகும், எஸ்எம்பிஎஸ்ஸும் சாகும். காற்றுத் துளைகளுக்கு மேல் நைலான் கொசு வலையை ஒட்டுங்கள். வயர் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம். எறும்பு ரிலே காண்டாக்டுக்குள் புகும், எனவே மூடிய வகை ரிலேயே வாங்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

பிளக்கைப் பிடுங்கி, எக்ஸ்டி60-களைக் கழற்றி, கீல் ஊசியை உருவிப் பலகையை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா இருந்தால் சிலிக்கா ஜெல் பைகளோடு அதற்குள். தண்டவாளமும் மரச்சட்டமும் நனைந்தால் காய வைத்துக்கொள்ளலாம், பலகைதான் செலவு பிடிக்கும் சாமான்.

வாடைக் காலம் முடிந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

தை பிறந்து வெயில் ஏறிய ஒரு நாளில் பலகையை வெளியே எடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் உப்புத் தூசியைத் தட்டுங்கள், முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஒவ்வொரு ஸ்குரூவையும் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள், இந்த அசைவிலேயே மெல்லிய களிம்பு உரிந்துவிடும். பச்சை தெரியும் முனையை வெட்டிப் புதிதாக லக் போடுங்கள். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பையைப் பிரித்து, சமையலுக்குப் பயன்படாத ஒரு தட்டில் பரப்பி, 120 டிகிரி சூட்டில் மறுபடி நீலமாகும் வரை காய வையுங்கள். பலகையைத் திரும்ப மாட்டியதும் நாணயச் சோதனையை எல்லா மூலைகளிலும் ஒருமுறை செய்துவிட்டு ரயிலை எடுங்கள்.